கம்பிக்கு முன் கோடு

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

விழா மேடையிலே ஒலிபெருக்கி 'கொய்ங்' என்று கத்தினால் நாம் யாரைத் திட்டுகிறோம்? மைக் செட்காரரைத்தான்! வகுப்பறையிலே புரொஜெக்டர் திடீரென்று நீலத்திரை காட்டிக்கொண்டு நின்றுவிட்டால் யாரைத் தேடுகிறோம்? அதை மாட்டிவிட்டுப் போன ஆளைத்தான். அவரோ வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். செல்பேசி எண்ணும் மாறியிருக்கும். எந்த ஒயர் எங்கே போகிறது, எந்தப் பொத்தான் எதற்கு என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தவை. தலை போனபின் கூடத்தில் மிஞ்சுவது பூட்டிய இரும்புப் பெட்டியும் அதன் மேல் படிந்த தூசியும்தான்.

நான் இக்கட்டுரையில் சொல்ல வருவது இதுதான். ஒலி, ஒளிக் கருவிகளை வாங்குவதற்கு முன்பே, அவற்றை எந்த வரிசையில் அடுக்குவது, எந்த ஒயர் எதிலிருந்து எதற்குப் போவது என்பதைக் கணிப்பொறியிலே வரைந்துவிட வேண்டும். அந்த வரைபடம் அந்தக் கட்டடத்திலேயே தங்க வேண்டும். வரைகிறவர்கள் கூட்டத்தில் அரசு கலைக் கல்லூரி மாணவர்களாகிய நாமும் இருக்க வேண்டும். "இதெல்லாம் எஞ்சினீயரிங் படித்தவர்கள் பாடு, நமக்கு எதற்கு?" என்று கேட்கும் நண்பர்கள் என் வகுப்பிலேயே இருக்கின்றனர். அவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ராக் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். அது அலமாரிதான், ஆனால் அளவு கண்ட அலமாரி. அதில் ஏறும் கருவிகளின் முன்முகம் 19 அங்குல அகலம், அதாவது 482.6 மில்லிமீட்டர். உயரத்தை 1.75 அங்குலப் படிகளாகப் பிரித்திருக்கிறார்கள், மில்லிமீட்டரில் 44.45. ஒரு படிக்கு 1 யூ என்று பெயர். எந்த நாட்டில் செய்த ஆம்ப்ளிஃபையர் ஆனாலும் ராக்கில் ஏறுவதாக இருந்தால் 1 யூ, 2 யூ, 3 யூ என்ற கணக்கிலேதான் வரும். தொலைபேசி நிலையங்களில் வழங்கிய பழைய அளவு இன்று கம்ப்யூட்டர் அறையிலும் கச்சேரி மேடையிலும் ஆட்சி செய்கிறது!

அளவு நிலையாக இருப்பதால்தான் கணிப்பொறியில் அடுக்கிப் பார்ப்பது எளிதாகிறது. திரையிலே வெற்று ராக் ஒன்றை வரைந்து கொள்கிறோம். மிக்சர், ஆம்ப்ளிஃபையர், கம்பியில்லா மைக்கின் ரிசீவர் ஆகியவற்றின் படங்களை ஒவ்வொன்றாக இழுத்து உட்கார வைக்கிறோம். இடம் போதவில்லையா? இரும்பு வாங்கும் முன்பே தெரிந்துவிடுகிறது. வெளிநாடுகளில் இதற்கென்றே டி-டூல்ஸ், எக்ஸ்டென்-ஏவி, ஸ்டார்டிரா, கனெக்ட்கேட் முதலிய தனி மென்பொருள்கள் உள்ளன. ஒரு கருவியின் துளைகள் எவை, எது உள்ளே வாங்குவது, எது வெளியே கொடுப்பது என்பதெல்லாம் இவ்வகை மென்பொருளில் பதிந்திருக்கும். கோடு இழுத்தால் அதற்கு ஓர் எண் விழும். முடிவில் எத்தனை ஒயர், என்னென்ன முனை என்ற பட்டியல் வந்துவிடும்.

இந்த வித்தைக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. 1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லண்ட் என்னும் ஆராய்ச்சி மாணவர் ஒளிப்பேனாவால் திரையின் மேல் வரையும் 'ஸ்கெட்ச்பேட்' என்பதைத் தம் ஆய்வேட்டில் விளக்கினார். மூலப்படத்தை ஒரு முறை திருத்தினால் அதன் நகல்கள் யாவும் தாமே திருந்தும் வழியை அவர் அப்போதே செய்து காட்டினார். ஆட்டோகேட் வந்தது 1982இல்.

ஆனால் நண்பர்களே, படம் வரைவது கடைசி வேலை. அதற்கு முன் நிற்பது நம்முடைய இயற்பியல்தான். ஓர் உதாரணம் சொல்கிறேன். 100 மீட்டர் தூரத்தில் உள்ள 8 ஓம் ஒலிபெருக்கிக்கு 100 வாட் போய்ச் சேர வேண்டும். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. போகவும் வரவும் 200 மீட்டர். அதன் மின்தடை ஏறத்தாழ 2.3 ஓம். நேராக அனுப்பினால் மின்னோட்டம் மூன்றரை ஆம்பியர். மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கிப் பாருங்கள்: கம்பியைச் சூடாக்குவதற்கே 28 வாட்டுக்கு மேல் செலவாகிறது! அதையே 100 வோல்ட் லைனாக அனுப்பி, ஒலிபெருக்கியின் அருகில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து இறக்கினால் மின்னோட்டம் 1 ஆம்பியர்தான். கம்பியில் இழப்பு இரண்டேகால் வாட்டுக்குச் சற்று மேல். தேர்வுத் தாளில் நாம் எழுதி மறந்துவிடும் ஜூல் விதி இதுவே.

என் தந்தையார் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். முப்பது ஆண்டுகளாக மைக் செட் வைத்திருக்கிறார். கோயில் திருவிழா, காதுகுத்து, கட்சிக் கூட்டம், இழவு வீடு என்று அவருடைய குழாய் ஒலிபெருக்கிகள் போகாத தெரு எங்கள் பக்கத்தில் இல்லை. ஜூல் யாரென்று அவருக்குத் தெரியாது. "தூரமா போறதுன்னா நூறு வோல்ட்டுல கட்டு; இல்லன்னா சத்தம் ஒயரோடயே நின்னுடும்" என்பார். ஒயரின் இரு முனையிலும் வண்ண டேப் சுற்றி வைப்பார். ஒரு சுற்று என்றால் மேடை இடப்பக்கம், இரண்டு சுற்று வலப்பக்கம், மூன்று சுற்று பெண்கள் பகுதி. அமெரிக்காவில் ஒலி, ஒளிக் கருவிகளின் ஒயர்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுவதற்கென்றே 2015இல் ஒரு தர விதி வெளியிட்டிருக்கிறார்கள் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையும் வந்தது.

இப்படிப்பட்டவருக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். பக்கத்து ஊரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு நிரந்தரமாக ஒலி அமைப்பு வைக்க முடிவாயிற்று. உரிமையாளர் அப்பாவுக்குப் பழக்கமானவர்தான். "பிளான் ஏதாச்சும் போட்டு வச்சிருக்கியா?" என்று கேட்டார். அப்பாவிடம் ஏது பிளான்? நகரத்திலிருந்து வந்த ஒரு நிறுவனம் பல நிறத்தில் அச்சடித்த வரைபடத்தை விரித்தது. வேலை அதற்குப் போயிற்று. பத்து நாள் கழித்து அந்த நிறுவனமே அப்பாவைக் கூப்பிட்டது. எதற்கு? ஒயர் இழுப்பதற்கு, தினக்கூலிக்கு! அதே மண்டபம், அதே மனிதர். கோடு போட்டவருக்கு ஒப்பந்தம், கம்பி இழுத்தவருக்குக் கூலி.

அந்த வரைபடத்தின் நகல் ஒன்றை அப்பா வீட்டுக்குக் கொண்டு வந்தார். நான் ஒவ்வொரு கோட்டையும் விளக்க, அவர் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "ஏம்மா, பின் கதவு எந்தப் பக்கம் தொறக்கும்?" வரைபடத்தில் ராக்கின் முன்முகம் மட்டுமே இருந்தது. மண்டபத்திலோ ராக் வைக்கச் சொன்ன மூலையில் பின்னால் ஒரு சாண் இடம்கூட இல்லை. கடைசியில் ஒயரெல்லாம் வெளியே வைத்துச் செருகி, பிறகு நாலு பேராக ராக்கை உள்ளே தள்ளினார்களாம். நாளைக்கு ஒரு முனை கழன்றால் மறுபடியும் நாலு பேர் வர வேண்டும். எலி எந்த வழியாக வரும், மிக்சர் நின்றபடி இயக்குபவரின் இடுப்பு உயரத்தில் இருக்கிறதா, கனமான யூ.பி.எஸ். கீழ்த்தட்டில் இருக்கிறதா என்றெல்லாம் அப்பா அடுக்கிக்கொண்டே போனார். மேலும் ஒன்று: அந்தப் படத்தில் இரண்டு ஆம்ப்ளிஃபையர்களும் இடைவெளியின்றி ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. "நடுவுல ஒரு கட்டம் சும்மா விடணும்மா, மூச்சு விட வேணாமா?" என்றார்.

அவர் மூச்சு என்றது வெப்பத்தை. ஒரு ராக்கில் 500 வாட் வெப்பமாக வெளிப்படுகிறது என்று கொள்வோம். 1 வாட் என்பது மணிக்கு 3.41 பி.டி.யூ. ஆகவே மணிக்கு ஏறக்குறைய 1,700 பி.டி.யூ. ஒரு டன் ஏ.சி.யின் திறன் 12,000 பி.டி.யூ.; அதில் ஏழில் ஒரு பங்கை இந்த ஒரு பெட்டியே விழுங்கிவிடும். ஏ.சி. இல்லாத கூடத்தில், சித்திரை மாதத்தில், கதவு பூட்டிய பெட்டிக்குள் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே மென்பொருள் கையில் இருந்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று எண்ணுவது பேதைமை. நாம் கேட்காததை அது சொல்லாது. ஆனால் கை அனுபவம் மட்டும் போதும் என்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எழுதப்படாத அனுபவத்துக்கு ஒப்பந்தத்தில் இடமில்லை என்பதை எங்கள் வீடு கூலியாக அனுபவித்திருக்கிறது.

"இவையெல்லாம் வந்தால் ஒயர்மேன்களின் பிழைப்புப் போய்விடாதா?" என்று ஒரு நண்பர் கேட்டார். திரையில் போட்ட கோடு தானாகச் சுவரைத் துளைத்துக்கொண்டு போகாது ஐயா! போவது பிழைப்பன்று, பேரம் பேசும் வலிமை. அதுவும் வரையத் தெரியாதவருக்குத்தான் போகும். ஒருநாள் திருவிழாவுக்கு மென்பொருள் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. காலையில் கட்டி இரவில் அவிழ்க்கும் நாலு குழாய்க்கு அப்பாவின் டேப் சுற்றே போதும். பள்ளி, கல்லூரி, நூலகம், மண்டபம் என்று பத்தாண்டு நிற்க வேண்டிய இடங்களைப் பற்றித்தான் பேசுகிறேன்.

செலவைச் சொல்லிப் பயமுறுத்துவோரும் உண்டு. தனி மென்பொருள்களுக்குக் கட்டணம் உண்மையிலேயே அதிகம், நம்மால் ஆகாது. ஆட்டோகேட் மாணவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அது படிப்பதற்கு மட்டும், அதை வைத்துச் சம்பாதிக்கக் கூடாது. ஆகையால் கியூ-எலக்ட்ரோடெக், லிப்ரேகேட் போன்ற முற்றிலும் இலவசமானவற்றில் பழகுவதே நமக்கு ஏற்றது என்பது என் கருத்து. கியூ-எலக்ட்ரோடெக் மின்சுற்று வரைவதற்கென்றே ஏற்பட்டது. அதில் மிக்சரின் படம் வேண்டுமென்றால் நாமே ஒரு முறை செய்து வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் சிரமம். நமது கணிப்பொறிக் கூடத்திலுள்ள பழைய இயந்திரங்களே அதற்குத் தாராளம். அப்பாவுடைய சாமான்கள் அனைத்தையும் நான் இப்படிப் படமாக்கி வைத்திருக்கிறேன். சென்ற மாதம் ஒரு பள்ளியில் விலை கேட்டபோது, அப்பா மூன்று தாள்களை மடிக்காமல் அட்டைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனார். முடிவு இன்னும் வரவில்லை.

நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள். இனி எந்தக் கூடத்துக்கு ஒலி, ஒளிக் கருவி வாங்கினாலும், வேலை முடிந்தபின் உள்ளது உள்ளபடி வரைந்த படத்தைத் தந்தால்தான் கடைசித் தவணை என்று விதி செய்ய வேண்டும். அச்சிட்ட தாள் மட்டும் போதாது, திருத்தக்கூடிய கோப்பும் வேண்டும். இப்போதிருக்கும் கூடங்களை இயற்பியல் துறை மாணவர்களே அளந்து வரையலாம். அளப்பதில் எவ்வளவு நன்மை! சாதாரணச் செம்புக் கம்பியால் ஆன எச்.டி.எம்.ஐ. கேபிளை 10, 15 மீட்டருக்கு மேல் நம்ப முடியாது. ஆசிரியர் மேசையிலிருந்து சுவரேறி, கூரை வழியாகச் சென்று, புரொஜெக்டரில் இறங்கும் வழியை அளவோடு வரைந்தால் அந்த எல்லையைத் தாண்டுகிறோமா என்பது வாங்கும் முன்பே தெரியும். தாண்டினால் கேட்-6 கேபிளில் அனுப்பும் கருவி வாங்கலாம். அது 100 மீட்டர் வரை போகும். மைக் கேபிளும் மின்சாரக் கேபிளும் ஒரே குழாயில் ஓடுகின்றனவா, எர்த் இரண்டு இடத்தில் சேர்ந்து 50 ஹெர்ட்ஸ் முனகலுக்கு வழி செய்கிறதா என்பனவும் படத்தில் பார்த்த மாத்திரத்தில் புலப்படும்.

பெயர்ச்சீட்டுகளைத் தமிழிலேயே அச்சிட வேண்டும் என்பதும் என் ஆசை. விழா முடிந்து நாமெல்லாம் கலைந்தபின் கருவிகளை நிறுத்தி, அரங்கைப் பூட்டிக்கொண்டு போகிறவர் காவலாளிதான். 'மேடை இடம் 1', 'கூடம் பின் வலம்', 'இதை முதலில் நிறுத்துக' என்று அவர் படிக்கும்படி இருக்கட்டும். வரைபடத்தின் ஒரு படியை ராக் கதவின் உட்புறத்தில், பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டிவிடலாம். கதவு திறப்பதற்குப் பின்னால் இரண்டடி இடம் விட்டுத்தான்!