படம் எடுத்தவர்கள் கணக்கையும் காட்டட்டும்

மழை பிடித்தால் மண் சரிகிறது. மண் சரிந்த மறுநாளே தோட்டத்து ரோட்டில் வாகனங்கள் ஏறி வருகின்றன. அரிசி, பால்மா, பாய். கொடுக்கிற கையை நாம் குறை சொல்லவில்லை. உடுத்த துணியோடு லயத்தை விட்டு ஓடியவர்களுக்கு அந்தப் பாயின் அருமை தெரியும். ஆனால் வரிசையில் நிற்கும் அம்மாவிடம் பொதியைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கச் சொல்லி, படம் எடுத்த பிறகுதானே விடுகிறார்கள்? அந்தப் படம் எந்த நாட்டில் எவ்வளவு காசாக மாறுகிறது என்று கேட்கிறோம்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. நாடு முழுவதிலுமிருந்து உதவி வந்தது. பொதிகள் சில வாரங்களில் தீர்ந்தன. மக்கள் புதிய வீட்டுக்குப் போக ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. அதுவரை பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் முடங்கிக் கிடந்தார்கள். முதல் வாரம் காசு அனுப்பியவர்களில் எத்தனை பேர் ஆறு மாதம் கழித்து "அவர்கள் இப்போது எங்கே தூங்குகிறார்கள்?" என்று கேட்டிருப்பார்கள்?

நமக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் தண்ணீர்த் தாங்கி கட்டினார்கள். ரிப்பன் வெட்டி, பெயர்ப்பலகையும் நட்டார்கள். மூன்றாம் மாதம் குழாய் உடைந்தது. திருத்துவதற்குக் காசு ஒதுக்கவில்லையாம். பலகை இன்னும் பளபளப்பாக நிற்கிறது. பெண்கள் பழையபடி பீலிக்குப் போகிறார்கள்.

பதிவு இருக்கிறதே என்பார்கள். 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் தன்னார்வ அமைப்புகளைப் பதியவும் மேற்பார்வை செய்யவும்தான் வந்தது. அந்தப் பதிவு கொழும்பில் இருக்கிறது, கணக்கு ஆங்கிலத்தில் இருக்கிறது. யாருடைய பெயரால் காசு வந்ததோ அவர்களுக்கு ஒரு தாள் தமிழில் இல்லை.

ஆகவே வெளிநாட்டில் இருந்து தருபவர்களும், கொழும்புக் கடைகளில் உழைத்து ஐந்நூறு ஆயிரம் சேர்த்துத் தரும் நம் பிள்ளைகளும் இதைக் கேட்க வேண்டும்: என்ன தேவை என்று லயத்து மக்களிடம் முதலில் கேட்டீர்களா? வந்த தொகையையும் செலவையும் பிள்ளைக்காம்பராச் சுவரில் தமிழில் ஒட்டுவீர்களா? அடுத்த வருடம் திரும்பி வந்து பார்ப்பீர்களா?

"நிர்வாகச் செலவே இல்லை" என்று யாராவது பெருமை பேசினால் மட்டும் நம்பாதீர்கள். மலை ஏறி வரும் உத்தியோகத்தரும் தொழிலாளிதான். அவருக்கு ஒழுங்கான சம்பளமும் சேமலாப நிதியும் வேண்டும். தொழிற்சங்கமாகிய நாம் அதை மறுக்க முடியாது. குளிரூட்டிய ஹோட்டல் செயலமர்வுக்கு எவ்வளவு போனது என்பதுதான் நம் கேள்வி.

இன்னொன்று. பிள்ளைக்காம்பராவுக்குக் கூரை போடுவதும் லயத்துக்குக் கக்கூஸ் கட்டுவதும் தோட்டத்தை நடத்துகிற கம்பெனியின் வேலை. தர்மக் காசில் அதைச் செய்துவிட்டுத் துரையோடு சேர்ந்து படம் பிடிக்கும் நிறுவனம் நமக்கா உதவுகிறது, கம்பெனிக்கா? காசு தருபவர்கள் இதையும் கேட்கட்டும்.

"உங்கள் சந்தாக் கணக்கு எங்கே?" என்று நம்மைத் திருப்பிக் கேட்பார்கள். கேட்கட்டும். 1935ஆம் ஆண்டுத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி ஒவ்வொரு வருடமும் பதிவாளருக்குக் கணக்கு அனுப்புகிறோம். அதைத் தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் வாசிக்காத தலைவர் இருந்தால், அவரையும் இதே கேள்வியோடு பிடியுங்கள்.