கோதமைக்கு ஒரு கீபோர்டு

டன்ஜன் சிந்த் என்று ஓர் இசைவகை இருக்கிறது. இடிந்த கோட்டை, நிலவறை, மந்திரவாதியின் கோபுரம், மலைக்கு அடியில் உறங்கும் பூதம் என்று மாயக்கதைகளில் வரும் இடங்களைப் பாட்டே இல்லாமல், பெரும்பாலும் ஒற்றைக் கீபோர்டில் வாசித்துக் காட்டும் இசை. அந்தமானின் ரங்கத் பஜாரில் சவுண்ட் சர்வீஸ் நடத்தும் நான், பங்குனி உத்திரத்துக்கும் துர்கா பூஜைக்கும் ஸ்பீக்கர் கட்டிய நேரம் போக, இரவில் இதைத்தான் செய்கிறேன். எங்கள் தீவின் சிறையையும் காட்டையும், அந்தக் காட்டில் வாழும் மனிதர்களையும் இந்த இசைக்குப் பேய்வீட்டு அலங்காரமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் தலைகாட்டுகிறது. அது கூடாது என்பது என் கட்சி. இந்த இசையை உயிராக நினைக்கிறவன் என்பதால்தான் சொல்கிறேன்.

முதலில் இசையைச் சொல்லிவிடுகிறேன். 1990-களின் தொடக்கத்தில் நார்வேயில், பிளாக் மெட்டல் வாசித்தவர்கள் நடுவில் பிறந்தது இது. எம்பரர் என்ற குழுவில் பேஸ் கிடார் வாசித்த மோர்ட்டிஸ், அதைவிட்டு வெளியே வந்து, 1994-இல் கீபோர்டை நம்பியே ஒரு தொகுப்பு வெளியிட்டார். ஒரே இசை, இரண்டு பாகம், முக்கால் மணி நேரத்துக்கும் மேல். சில சுரங்கள் மெதுவாக நடந்துபோய், திரும்பி வந்து, மறுபடியும் நடக்கும். இதற்கெல்லாம் முன்பே, 1970-இல், ஸ்வீடனின் பூ ஹான்சன் டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலுக்கு ஆர்கனை முன்னிறுத்தி ஒரு முழுத் தொகுப்பு செய்திருந்தார். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டை வெளியிட்டார்கள். பாதாளத்துக்குள் இறங்கி ஒவ்வொரு கதவாகத் திறக்கும் அந்தக் கற்பனை பிறகு கம்ப்யூட்டருக்குள் புகுந்தது. 1996-இல் வந்த ‘டயப்லோ’ விளையாட்டில் டிரிஸ்ட்ரம் என்ற பாழடைந்த ஊர் ஒன்று வரும். அதற்கு மாட் உல்மன் அமைத்த கிடார் இசையை, போர்ட் பிளேயரில் வேலை பழகிய நாட்களில் ஒரு நண்பனின் கம்ப்யூட்டரில் கேட்டேன். விளையாட்டு எனக்குக் கைவரவில்லை. பாதாளத்துக்கு இறங்காமல், ஊர் நடுவிலேயே நின்று அந்த இசையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதைச் செய்யப் பெரிய ஸ்டூடியோ வேண்டாம். ஒரு லைட் மியூசிக் குழு கலைந்தபோது விலைக்கு வந்த பழைய கீபோர்டு, மிக்ஸர், இலவசமாகக் கிடைக்கும் ரெக்கார்டிங் சாஃப்ட்வேர், இவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது. அந்தக் கீபோர்டில் ‘கொயர்’ என்று ஒரு டோன் உண்டு. கச்சேரியில் அதைத் தொட்டால் சிரிப்பார்கள், மனிதக்குரல் மாதிரியும் இருக்காது, வாத்தியம் மாதிரியும் இருக்காது. டன்ஜன் சிந்துக்கு அதுதான் தங்கம். நிஜக் கோயிலும் நிஜக் கோட்டையும் இல்லாத ஓர் இடத்திலிருந்து வருகிற குரல் அப்படித்தானே இருக்க வேண்டும்? ரங்கத்தில் வருஷத்தில் பாதிக்கு மேல் மழை. தகரக்கூரையின் கீழே மைக் வைத்துப் பதிவு செய்ய முடியாது, நேராக லைன் கொடுத்துத்தான் எடுக்கிறேன். வோல்டேஜ் ஏறி இறங்கும்போது வரும் உறுமலை முதலில் அழித்துக்கொண்டிருந்தேன். இப்போது சில இடங்களில் விட்டுவிடுகிறேன்.

சுரத்தைப் பற்றி ஒன்று. ஐரோப்பியர் மைனர் என்று வாசிப்பது நம் நடபைரவிதான், இன்னும் கொஞ்சம் துயரம் வேண்டுமென்றால் கீரவாணி. நாம் கமகம் கொடுத்தவுடன் அது கச்சேரி மேடைக்குப் போய்விடுகிறது. அசைக்காமல், சுரத்தை நட்டகல்லாக நிறுத்தினால் அதே நடபைரவி ஆளில்லாத மண்டபத்துக்குப் போகிறது. இளையராஜாவின் கீரவாணியில் வளர்ந்த காதுக்கு இந்த அசையாமை முதலில் பொறுக்காது. பழகினால் விடாது.

ரங்கத்தைச் சுற்றியுள்ள ஊர்ப் பெயர்களைப் பாருங்கள்: தசரத்பூர், ஜனக்பூர், கௌசல்யா நகர், ஊர்மிளாபூர், பஞ்சவடி, பர்ணசாலா, சபரி. நாட்டுப் பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளை மத்திய அந்தமானில் காடு திருத்திக் குடியமர்த்தினார்கள். அந்தக் குடியேற்ற ஊர்களின் மேல் ராமாயணம் முழுவதும் விரிந்து கிடக்கிறது. டோல்கீன் தன் புத்தகத்துக்கு வரைபடம் வரைந்தார். எங்களுக்கு அரசாங்க வரைபடமே காவியமாக இருக்கிறது. பஸ் கண்டக்டர் “பஞ்சவடி, பஞ்சவடி” என்று கூவும்போது எனக்கு இன்றும் உடம்பு ஒருமுறை நிமிர்கிறது. 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்ட, சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளும் கடலடி கேபிள் ரங்கத்துக்கும் வருகிறது. அதன் பிறகு உலகத்தின் டன்ஜன் சிந்த் எல்லாம் இந்தப் பஜாருக்கு வந்துவிட்டது. பையன்களும் கேட்கிறார்கள், செய்கிறார்கள்.

அப்படிச் செய்த ஒரு பையன் தன் முதல் இசையை எனக்கு அனுப்பினான். இசை நன்றாக இருந்தது. அட்டைப்படத்தில் போர்ட் பிளேயர் செல்லுலார் சிறையின் நீண்ட தாழ்வாரம், பின்னணியில் சங்கிலி இழுபடும் சத்தம். மாற்றச் சொன்னேன். “அண்ணா, ஜெயில்தானே டன்ஜன்? நம்மகிட்ட இருக்கிற ஒரே டன்ஜன் அதுதானே?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

செல்லுலார் சிறையை 1896 முதல் 1906 வரை கட்டினார்கள். ஏழு கிளைகள், 690-க்கும் மேற்பட்ட தனி அறைகள், ஓர் அறையின் முகம் அடுத்த கிளையின் முதுகைப் பார்க்கும்படி அமைப்பு. மனிதனை மனிதன் பார்க்கக் கூடாது என்பதற்காகவே போட்ட திட்டம் அது. மாட்டுக்குப் பதில் மனிதனைச் செக்கில் பூட்டி எண்ணெய் ஆட்டினார்கள். 1933-இல் உண்ணாவிரதம் இருந்தவர்களுக்குக் குழாய் வழியே வலுக்கட்டாயமாக உணவு செலுத்தினார்கள், மகாவீர் சிங் அதில் இறந்தார். மாயக்கதையின் நிலவறைக்கு ஒரு சுகம் உண்டு: புத்தகத்தை மூடினால் கதவு திறந்துவிடும். இந்தக் கதவு அப்படித் திறக்கவில்லை. அங்கே மாலையில் நடக்கும் ஒலி-ஒளிக் காட்சியில் முற்றத்து அரசமரம் கதை சொல்வதாக அமைத்திருக்கிறார்கள். சவுண்ட் தொழில்காரனாக அதை நான் மதிக்கிறேன். அது மனிதர்களைப் பெயர் சொல்லி நினைக்கிறது. அட்டைப்படத்துக்கு எடுத்துக்கொள்பவன் பெயரை விட்டுவிட்டு இருட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறான். அந்தச் சங்கிலியை எனக்குச் சவுண்ட் எஃபெக்டாகக் கேட்க முடியவில்லை.

சிறையைவிட எனக்குப் பெரிய வருத்தம் காட்டைப் பற்றியது. ரங்கத்திலிருந்து போர்ட் பிளேயர் போகும் சாலை ஜராவாப் பழங்குடிகளின் காப்புக்காடு வழியாகத்தான் போகிறது. வண்டிகள் கான்வாயாகப் போக வேண்டும், நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. 2012 ஜனவரியில், உணவைக் காட்டி ஜராவாப் பெண்களை ஆடச் சொல்லும் வீடியோ வெளிவந்து உலகமே காறித்துப்பியது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்தச் சாலையில் சுற்றுலா வண்டிகளைச் சில வாரங்கள் நிறுத்தியும் வைத்தது. இன்றும் பஸ் ஜன்னலிலிருந்து திருட்டுத்தனமாக எடுத்த காட்டுக்காட்சிக்கு இருண்ட கீபோர்டு இசை போட்டு, மனித மாமிசம், சாபத்தீவு என்று தலைப்பு வைத்து உலவ விடுகிறார்கள். அந்த இசை என் இசைவகை. என் தொழில் சுத்தியலை எடுத்து ஒருவன் பக்கத்து வீட்டுக்காரனை அடிப்பதைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது.

இது புதிய வியாதி இல்லை. மார்க்கோ போலோ அந்தமான் மக்களை நாய்முக மனிதர்கள் என்று எழுதிவிட்டுப் போனார். 1890-இல் வந்த ஷெர்லக் ஹோம்ஸ் நாவலான ‘த சைன் ஆஃப் ஃபோர்’ கதையில் டோங்கா என்ற அந்தமான்வாசி வருகிறான். குள்ளன், கோர முகம், ஊதுகுழலில் விஷ முள்ளை வைத்துக் கொல்கிறவன். அந்தமானின் பழங்குடிகள் வில் ஏந்தியவர்கள், ஊதுகுழல் அவர்களுடைய ஆயுதமே அல்ல. கதைக்கு ஒரு பூதம் தேவைப்பட்டது, தொலைவில் இருந்தவர்களைப் பிடித்துப் பூதமாக்கிவிட்டார்கள். மாயக்கதை இலக்கியத்தின் பழைய நோய் இதுதான். தான் படைத்த ஓர்க் கூட்டத்தை மீட்சியே இல்லாத தீயவர்களாக வைக்கலாமா என்ற கேள்வி டோல்கீனையே கடைசிவரை அரித்தது. டன்ஜன் சிந்துக்குள்ளும் இந்த நோய் உண்டு. கொலைக்கும் தேவாலய எரிப்புக்கும் 1994-இல் தண்டனை பெற்ற வர்க் விகெர்னஸ், சிறையிலிருந்தபடி 1997-லும் 1999-லும் இரண்டு கீபோர்டு தொகுப்புகள் வெளியிட்டார். இனவெறுப்பை வெளிப்படையாகப் பேசுகிறவர். இந்த இசைக்கு முன்னோடி என்று அவரைப் பலர் வணங்குகிறார்கள். என் கடையில் அவர் இசை ஒலிக்காது.

சரி, அப்படியானால் எங்கே இறங்குவது? நம்மிடம் இல்லாத பாதாளமா? அம்புலிமாமா படித்தவர்கள் வேதாளத்தைத் தோளில் சுமந்தே வளர்ந்தோம். ‘பாதாள பைரவி’யும் விட்டலாச்சார்யா படங்களும் திருவிழாத் திரையில் ஓடின. ஆனால் எனக்கு எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது மணிமேகலை. புகார் நகரத்துச் சுடுகாட்டைச் சாத்தனார் காட்டுவதுபோல் எந்த விளையாட்டும் ஒரு பாதாளத்தைக் காட்டியதில்லை. சுற்றிலும் மதில், நான்கு பக்கமும் வாயில், உள்ளே இறந்தவர்களுக்கு எழுப்பிய கோட்டங்கள், எரிப்பவர்கள், புதைப்பவர்கள், தாழியில் கவிப்பவர்கள், நரியும் கூகையும். அந்த வழியே தனியாக வந்த சார்ங்கலன் என்ற சிறுவன், தலை ஒன்றைக் கையிலேந்தி ஆடும் பேயைப் பார்த்து அஞ்சி ஓடி, தாயிடம் சேர்ந்து செத்துப்போகிறான்.

மேல்நாட்டுக் கதையென்றால் அடுத்து ஒரு வீரன் வாளுடன் வருவான். சாத்தனார் தாயைக் கொண்டுவருகிறார். கோதமை மகனின் உடலைத் தூக்கிக்கொண்டு சுடுகாட்டு வாயிலில் நின்று, நகரத்தைக் காக்கும் சம்பாபதியை அழைத்து வழக்காடுகிறாள். என் உயிரை எடுத்துக்கொண்டு இவன் உயிரைக் கொடு என்கிறாள். தெய்வம் முடியாது என்கிறது. உயிருக்கு உயிர் மாற்ற முடியுமென்றால் அரசர்களுக்காகத் தர எத்தனையோ பேர் இருந்திருப்பார்களே, அவர்களுக்கும் இங்கே கோட்டங்கள் இருக்கின்றனவே என்று கேட்கிறது. கோதமை விடவில்லை. அண்டத்துத் தேவர்களையெல்லாம் சம்பாபதி வரவழைத்துக் காட்டுகிறது, அத்தனை பேரும் அதையே சொல்கிறார்கள். பேயைப் பார்த்த பயம் ஒரு நொடியில் முடிந்துவிட்டது. அந்த அழுகை முடியவில்லை.

இதை நான் இசையாகச் செய்தேன். நான்கு வாயிலுக்கு நான்கு பகுதி, அடியில் உறுமும் ஷட்ஜம், மேலே கொயர் டோன், நிறைய எக்கோ. கோதமை பேசுமிடத்தில் எக்கோவை முழுவதும் நிறுத்தி, வெறும் ஹார்மோனியம் டோனில் ஒற்றை வரிசை வாசித்தேன். எக்கோ இருக்கும்வரை அது கோட்டை, எடுத்தவுடன் வீடு. நார்வேக்காரர்கள் எனக்குக் கற்றுக்கொடுக்காத பாடம் அது, சாத்தனார் கற்றுக்கொடுத்தார்.

கலிங்கத்துப் பரணியையும் அந்தப் பையனிடம் கொடுத்தேன். பாலை நடுவே காளி கோயில், பசியில் வற்றிய பேய்கள், இமயத்திலிருந்து வந்த முதுபேய் இந்திரசாலம் செய்து போர்க்களத்தைக் காட்ட, நிஜமென்று பாய்ந்து வெறும் வாயை மெல்லும் கூட்டம். ஜெயங்கொண்டார் கற்பனை அபாரம். ஆனால் அதிலும் செத்தவர்கள் நிஜக் கலிங்கர்கள், அவர்கள் பயந்து ஓடுவது கேலியாகிறது. ஆகவே பேய்களின் பசியை எடுத்துக்கொள், வெற்றி முரசை விட்டுவிடு என்றேன். உடுக்கைச் சத்தத்தை மெதுவாக்கி அவன் ஒன்று செய்துகொண்டிருக்கிறான். அட்டையில் சிறைப்படம் போய், அவன் தங்கை வரைந்த ஒட்டிய வயிற்றுப் பேய் வந்திருக்கிறது.

நான் இப்போது சாதுவன் கதையில் இருக்கிறேன். அதுவும் மணிமேகலைதான். ஆதிரையின் கணவன் கப்பல் உடைந்து நாகர்கள் வாழும் மலையில் கரையொதுங்குகிறான். தின்ன வருகிறார்கள். அவர்கள் பாஷையில் இவன் பேசிவிடுகிறான். தலைவனிடம் கூட்டிப் போகிறார்கள். தலைவன் கள்ளும் ஊனும் கொடுத்து உபசரிக்கிறான், இவன் மறுக்கிறான். உடம்பைவிட்டு உயிர் தனியே போகும் என்கிறாயே, அந்த உயிர் எப்படிப்பட்டது, சொல் பார்க்கலாம் என்று தலைவன் கேட்கிறான். தீவுக்காரனை மனிதமாமிசம் தின்பவனாக எழுதிய குறை சாத்தனாருக்கும் உண்டு. ஆனாலும் அவர் அவனைக் கேள்வி கேட்க விட்டார், டோங்காவுக்கு அந்த உரிமையைக் கதை கொடுக்கவில்லை. தலைவன் பேசும் இடத்துக்கு என் கை தானாகத் தாழ்ந்த பித்தளை டோனுக்குப் போகிறது, விளையாட்டுகளில் அரக்கன் வரும்போது கேட்பது அது. அதை எடுத்துவிட்டேன். சாதுவனுக்கு வைத்த அதே ஸ்ட்ரிங்ஸ், அதே சுரவரிசை, ஒரு ஸ்தாயி கீழே. கேள்வி முடிகிற இடத்தில் எந்தச் சுரத்தில் நிறுத்துவது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. பஞ்சமத்தில் நிறுத்தினால் பதிலே கிடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. ரிஷபத்தில் நிறுத்திப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.