ஒரே மேப், நான்கு பேர்: எந்த டேட்டாபேஸ்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் "எந்த டேட்டாபேஸ் நல்லது சார்?" என்று கேட்டால் நான் ஒரு எதிர்க் கேள்வி போடுவது வழக்கம். "அதில் எத்தனை பேர் எழுதப் போகிறீர்கள்?" ஒருவர் மட்டும் என்றால் எதை எடுத்தாலும் சமாளித்துவிடலாம். இரண்டாவது ஆள் வந்துவிட்டால் கதையே வேறு. அதுவும் மேப் என்றால் கேட்கவே வேண்டாம். இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பட்டுத் தெரிந்து கொண்டேன்.

நாஞ்சில் நாட்டில் குளங்களுக்குக் குறைவில்லை. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் தண்ணீர் தோவாளை சானல், அனந்தனார் சானல் என்று பிரிந்து வந்து குளம் குளமாக நிரப்பிச் செல்கிறது. சுசீந்திரம் - தேரூர், வேம்பனூர் நீர்நிலைகள் 2022ல் ராம்சர் பட்டியலிலேயே இடம் பெற்றுவிட்டன. ஆனால் பெயர் தெரியாத சின்னக் குளங்கள்? கரை கரைந்து, ஓரம் தூர்ந்து, ஒரு நாள் பிளாட் ஆகிவிடும். எனவே எங்கள் ஊரைச் சுற்றியுள்ள குளங்களின் கரை, மடை, மறுகால் எல்லாவற்றையும் மேப்பில் வரைந்து வைக்க நண்பர்கள் நான்கு பேர் முடிவு செய்தோம். சாப்ட்வேர் க்யூஜிஐஎஸ். இலவசம், 2002ல் தொடங்கப்பட்ட திட்டம். இதுவரை எல்லாம் சரி.

தகவல்களை ஷேப் பைலாக வைத்தோம். அங்கேதான் தவறு. ஷேப் பைல் என்பது பெயருக்குத்தான் ஒரு பைல். உண்மையில் குறைந்தது மூன்று பைல்கள் சேர்ந்தது. அதில் ஒன்று பழைய டிபேஸ் வகை. அதனால் காலம் தலைப்புக்கு 10 பைட் மட்டுமே இடம். யூனிகோட் தமிழில் ஒரு குறியீட்டுக்கு 3 பைட் செலவாகும் என்பதால் "மறுகால்" என்று தலைப்பு வைத்தால் பாதியில் வெட்டுப்படும். இதையாவது பொறுத்துக் கொள்ளலாம். ஆளுக்கு ஒரு காப்பியைப் பென் டிரைவில் எடுத்துச் சென்று வீட்டில் வேலை செய்தோம். ஒரு ஞாயிறு மாலை ஒருவர் தன் காப்பியைக் கொண்டு வந்து ஷேர் போல்டரில் பேஸ்ட் செய்தார். ஏற்கனவே இருப்பதை ரீப்ளேஸ் செய்யவா என்று விண்டோஸ் கேட்டது. அவரும் சம்மதித்துவிட்டார்.

அதில் போனது இன்னொருவரின் இரண்டு வாரத்து உழைப்பு. கோடுகளைத் திரும்ப வரைந்துவிட்டோம். ஆனால் பெரிய குளம் ஒன்றின் ஏழு மடைகளுக்கும் ஊரில் வழங்கும் பெயர்களை, வயலுக்குத் தண்ணீர் திருப்பும் வேலை பார்த்த ஒரு பாட்டாவிடம் கேட்டு உள்ளிட்டிருந்தோம். திரும்பப் போய்க் கேட்டோம். "அன்னைக்கே சொன்னேம்லா மக்கா, எழுதி வைக்கலியா?" என்றார். நான்கு பெயர்கள்தான் நினைவுக்கு வந்தன.

அதன் பிறகுதான் டேட்டாபேஸ் பக்கம் திரும்பினோம். முதலில் பார்த்தது எஸ்க்யூஎல்லைட். 2014ல் வெளியான ஜியோபேக்கேஜ் என்ற மேப் பைல் அதன் மீதுதான் கட்டப்பட்டுள்ளது. தனி ஆளுக்கு இதைவிட நல்லது இல்லை என்பேன்; ஒரே பைல், சர்வர் எதுவும் வேண்டாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். நெட்வொர்க் போல்டரில் வைத்துப் பலர் திறப்பது ஆபத்து என்று அதன் தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள்.

அடுத்தது மைஎஸ்க்யூஎல். வெப்சைட் வைத்திருப்பவர்களுக்குப் பழகிய பெயர். பல ஆண்டுகள் இதன் மேப் வசதிகள் அரைகுறையாகவே இருந்தன. மேப்பில் வேகமாகத் தேட உதவும் இன்டெக்ஸ், ஒருவர் எழுதும்போது டேபிள் முழுவதையும் பூட்டிவிடும் மைஐஎஸ்ஏஎம் வகை டேபிளில் மட்டுமே கிடைத்தது. "இந்தக் கிணறு குளத்துக்குள் இருக்கிறதா?" என்று கேட்டால், குளத்தைச் சுற்றி ஒரு செவ்வகம் போட்டு, அதற்குள் இருந்தால் ஆம் என்று சொல்லும். நம் ஊர்க் குளமோ பிறை வடிவம்! மூலையில் கரைக்கு வெளியே இருக்கும் கிணறும் தண்ணீருக்குள் போய்விடும். 2013ல் வந்த 5.6 பதிப்பில் செவ்வகக் குறையும், 2015ல் வந்த 5.7 பதிப்பில் இன்டெக்ஸ் குறையும் சரி செய்யப்பட்டன. பழைய குறையை வைத்து இன்று இதை ஒதுக்குவது நியாயமல்ல. இருந்தாலும் என் ஓட்டு இதற்கில்லை.

என் ஓட்டு போஸ்ட்கிரெஸ்க்யூஎல் மற்றும் அதனுடன் சேர்த்து நிறுவும் போஸ்ட்ஜிஐஎஸ் கூட்டணிக்கு. கனடாவில் உருவாகி 2001ல் வெளியானது போஸ்ட்ஜிஐஎஸ். இரண்டும் இலவசம். ஒரு குளத்தை நான் சேவ் செய்திடுகையில் அந்த ஒரு வரி மட்டும்தான் பூட்டப்படும். பக்கத்துக் குளத்தில் நீங்கள் தாராளமாக எழுதலாம். அதே குளத்தைப் பார்ப்பவருக்கும் தடை இல்லை. நான் சேவ் செய்து முடிக்கும் வரை பழைய வடிவம் முழுதாகத் தெரியும். பாதி எழுதும்போது கரண்ட் போனால் பாதி வேலை டேட்டாபேஸில் தங்காது. முடிந்த வேலை அழியாது. இரண்டு பருவ மழையும் பெய்யும் மாவட்டத்தில் இது சின்ன விஷயமா? வீட்டில் இருக்கும் சாதாரணக் கம்ப்யூட்டர் ஒன்றையே சர்வராக வைத்துக் கொள்ளலாம். மற்றவர்கள் வைபை மூலம் க்யூஜிஐஎஸ்ஸில் இணைந்து கொள்வார்கள்.

இதை இன்ஸ்டால் செய்ததோடு பிரச்னை தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நாங்கள் அப்படித்தான் நினைத்தோம். காலையில் இரண்டு பேர் ஒரே குளத்தைத் திறக்கிறார்கள். பத்து மணிக்கு ஒருவரும், பதினோரு மணிக்கு மற்றவரும் கரையை மாற்றி சேவ் செய்கிறார்கள். பிந்தியவருடையதுதான் நிற்கும். எந்த எச்சரிக்கையும் வராது. பென் டிரைவ் கதைதான், இந்த முறை ஒரு குளம் அளவுக்கு.

உலகம் முழுவதும் தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இதை எப்படிச் சமாளிக்கிறது என்று பார்த்தேன். 2004ல் தொடங்கிய அந்தத் திட்டம் 2009 ஏப்ரலில் மைஎஸ்க்யூஎல்லிலிருந்து போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லுக்கு மாறியது. அதைவிட முக்கியமான மாற்றம் ஒன்றும் அப்போதே வந்தது. அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பதிப்பு எண் உண்டு. நீங்கள் 3ஆம் பதிப்பைத் திருத்தி அனுப்பும்போது சர்வரில் 4 இருந்தால், யாரோ முந்திவிட்டார்கள் என்று திருப்பி அனுப்பிவிடும். பழைய பதிப்புகளும் அழிவதில்லை. இத்தனைக்கும் அந்த மூல டேட்டாபேஸில் போஸ்ட்ஜிஐஎஸ் கிடையாது. இடங்களை வெறும் எண்களாகவே வைத்திருக்கிறார்கள். எந்த டேட்டாபேஸ் என்று மணிக்கணக்கில் விவாதிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நாங்கள் செய்தது அதைவிட எளியது. எந்த வரி மாறினாலும் பழைய வரியை, யார், எப்போது மாற்றினார் என்ற விவரத்துடன் இன்னொரு டேபிளில் போட்டு வைக்கும் ட்ரிக்கர் ஒன்று எழுதினோம். இது மோதலைத் தடுக்காது. ஆனால் இழந்ததை மீட்டுத் தரும். ஆளுக்குத் தனி யூசர் பெயர் கொடுத்தால்தான் "யார்" என்பது பதிவாகும். நான்கு பேரும் ஒரே பாஸ்வேர்டில் நுழையாதீர்கள்.

இன்னொரு சிக்கலுக்கு எந்த டேட்டாபேஸிலும் முழு மருந்து இல்லை. இரண்டு குளங்களுக்கு நடுவே ஒரே கரை. நான் என் குளத்தின் பக்கம் கோட்டை நகர்த்தினேன், நண்பர் தன் பக்கம் நகர்த்தினார். இரண்டும் வேறு வேறு வரிகள் என்பதால் டேட்டாபேஸ் மறுக்கவில்லை. மேப்பில் பார்த்தால் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு கீற்று நிலம்! அது போன்ற கீற்றுகள் நிஜத்தில் யார் கைக்குப் போகும் என்று உங்களுக்கே தெரியும். இதற்கு நாங்கள் கண்ட வழி, ஒரு மடை முதல் அடுத்த மறுகால் வரை ஒருவர் என்று பகுதி பிரித்துக் கொண்டது. ஒட்டிய கரைகளை மட்டும் ஞாயிறு மாலை சேர்ந்து உட்கார்ந்து வரைகிறோம்.

பேக்கப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? வாரம் ஒரு முறை டேட்டாபேஸ் முழுவதையும் டம்ப் எடுத்து இரண்டு வீடுகளில் வைக்கிறோம். பாட்டாவிடம் கேட்ட நான்கு பெயர்களும் இப்போது ஒரு நோட்டுப் புத்தகத்திலும் இருக்கின்றன.