நின்று போகும் இரயில்

இரயில் பயணம் பிடிக்காது என்று சொல்பவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. பேருந்தில் தலை சுற்றுகிறது என்பார்கள். விமானத்தில் பயமாக இருக்கிறது என்பார்கள். இரயில் என்றால் மட்டும் எல்லாருக்கும் சன்னலோர இருக்கை வேண்டும். தேர்வு முடிந்த கையோடு நண்பர்கள் குழுவாகக் கிளம்புவதும், திரும்பி வந்து படங்களைக் காட்டுவதும் நம் வளாகத்தில் புதிதல்ல. அந்தப் படங்களில் அடிக்கடி இடம்பெறுவது கெமாசிலிருந்து கிளந்தானின் தும்பாட் வரை ஓடும் கிழக்குக் கரை இரயில் பாதை. வெளிநாட்டுப் பயணிகள் அதற்குக் 'காட்டு இரயில்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்த அழகை நானும் ரசிப்பவன்தான். ஆனால், அழகைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம் ஒரு கேள்வியைக் கேட்க மறந்துவிடுகிறோம். ஆள் நடமாட்டம் குறைந்த காட்டோரத்தில், ஒரு சிறு நடைமேடையும் ஒரு பெயர்ப் பலகையும் தவிர வேறொன்றும் பெரிதாக இல்லாத இடத்தில் இரயில் ஏன் நிற்கிறது? யாருக்காக நிற்கிறது? இதற்கு விடை தெரிந்தால்தான் அந்த நிலையத்தின் அழகு எதில் இருக்கிறது என்பதும் விளங்கும் என்பது என் கருத்து.

முதலில் பாதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 500 கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள இப்பாதையின் பணி, 1910ஆம் ஆண்டு கெமாசுக்கும் பகாவுக்கும் இடையிலான முதல் பகுதி திறக்கப்பட்டதிலிருந்து கட்டம் கட்டமாக நடந்தது. தெற்கிலிருந்து ஒரு முனையும் வடக்கே தும்பாட்டிலிருந்து ஒரு முனையும் காட்டைக் குடைந்துகொண்டு வந்து, 1931இல்தான் ஒன்று சேர்ந்தன. இன்றும் அது ஒற்றை வழிப் பாதை. மேலே மின்கம்பி கிடையாது. டீசல் வண்டிகள்தாம் ஓடுகின்றன. எதிரே ஒரு வண்டி வந்தால் இன்னொன்று ஏதாவது ஒரு நிலையத்தில் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். அவசரக்காரர்களுக்கு ஏற்ற பாதை அன்று.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு விடுமுறையில், குவா மூசாங்கில் காலை வண்டி ஏறினேன். கோட்டைச் சுவர்போல் எழுந்து நிற்கும் சுண்ணாம்புக் குன்றின் காலடியில் இருக்கிறது அந்த ஊரின் நிலையம். அங்கிருந்து பெர்த்தாம், கெமுபு, டாபோங் என்று வண்டி ஒவ்வோர் ஊராக நின்று நின்று போனது. ஒருபுறம் மூங்கில் புதர், மறுபுறம் கலங்கல் நிறத்தில் ஆறு, இடையிடையே சுரங்கப்பாதையின் இருட்டு. நான் கைப்பேசியை வெளியே நீட்டுவதிலேயே கவனமாக இருந்தேன். என் எதிரே ஒரு மலாய் மூதாட்டி அமர்ந்திருந்தார். மடியில் ஒரு துணிப்பை.

"எங்கே போகிறாய், அடிக்?" என்று கேட்டார்.

"தும்பாட் வரை, சும்மாதான் பாட்டி."

"சும்மாவா?" என்று சிரித்துவிட்டார். பிறகு தம் கதையைச் சொன்னார். மாதம் ஒருமுறை கோலா கிராய் மருத்துவமனைக்குப் போகிறாராம். வீட்டில் கார் இல்லை. மகன் வெளியூரில். சாலை வழியாகப் போனால் யாரையாவது கெஞ்ச வேண்டும். இரயிலில் யார் தயவும் வேண்டாம், சில வெள்ளிதான் செலவு என்றார்.

அந்தப் பெட்டியில் என்னைத் தவிர 'சும்மா' வந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தாம். மற்ற எல்லாருக்கும் ஒரு வேலை இருந்தது. பள்ளிக்குப் போகும் ஆசிரியை, சந்தைக்குப் பெத்தாய்க் கட்டுகளோடு போகும் கணவன் மனைவி, அரிசி மூட்டையோடு ஊர் திரும்பும் பெரியவர். எனக்குச் சன்னல் வழியே காட்சியாகத் தெரிந்த நிலையங்கள் அவர்களுக்கு வீட்டு வாசல். அந்த வாசலில் ஒருவர் ஏறுகிறார், ஒருவர் இறங்குகிறார். அதனால்தான் இரயில் நிற்கிறது. இரயில் நிற்பதால்தான் நிலையம் உயிரோடு இருக்கிறது. நாம் ரசிக்கிற அழகு இதிலிருந்து பிறப்பதுதான்.

இந்த வாசல் அடைபட்டால் என்ன ஆகும் என்பதை 2014ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் பெருவெள்ளம் காட்டியது. கெமுபுவில் இருந்த இரயில் பாலத்தை ஆறு அடித்துக்கொண்டு போனது. பாதை பல இடங்களில் சிதைந்தது. புதிய பாலம் கட்டி 2018இல் வண்டி மீண்டும் அந்த ஆற்றைக் கடக்கும்வரை, ஏறக்குறைய மூன்றரை ஆண்டுகள் அவ்வட்டார மக்கள் துண்டிக்கப்பட்ட பாதையோடு காலந்தள்ளினார்கள். நமக்கு அது ஒரு சுற்றுலா தள்ளிப்போன செய்தி. அவர்களுக்கு அது மருத்துவமனையும் பள்ளியும் சந்தையும் தள்ளிப்போன செய்தி.

தேவை போய்விட்ட நிலையங்கள் என்ன ஆகின்றன என்பதற்கும் நம்மிடம் சான்றுகள் உண்டு. மலாயாவின் முதல் இரயில் பாதை 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. தைப்பிங் ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகப் போட்ட, ஏறத்தாழ 13 கிலோமீட்டர் பாதை அது. இன்று கோலா செபெத்தாங் என்று அழைக்கப்படும் அவ்வூரில் இப்போது இரயிலும் இல்லை, தண்டவாளமும் இல்லை. மிஞ்சியிருப்பது கடைகளுக்கு நடுவே நிற்கும் பழைய பெயர்ப் பலகை. அதில் ஆங்கிலம், ஜாவி, சீனம் ஆகியவற்றோடு தமிழிலும் ஊரின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. சுற்றுலா வருபவர்கள் அதனருகே நின்று படமெடுத்துக்கொண்டு மீன் சாப்பிடப் போகிறார்கள். அந்த நாலாவது எழுத்து அங்கே ஏன் வந்தது என்று கேட்பவர் எத்தனை பேர்?

சிங்கப்பூரிலும் இதே நிலைதான். 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி இரவோடு தஞ்சோங் பகார் நிலையத்தில் இரயில் சேவை முடிவுக்கு வந்தது. தண்டவாளம் கிடந்த நிலம் 24 கிலோமீட்டர் பசுமை நடைபாதையாகிவிட்டது. புக்கிட் தீமா நிலையம் புதுப்பிக்கப்பட்டு 2022இல் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. அழகாகப் பராமரிக்கிறார்கள், அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால், அங்கே யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. காத்திருப்பு இல்லாத இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது நிலையம் ஆகாது என்றே எனக்குத் தோன்றுகிறது. இரயில்வேத் தமிழர்களின் தடத்தை அங்கே தேடினால், அது கோயிலில் கிடைக்கிறது. குவீன்ஸ்டவுன் வட்டாரத்து ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயம், 1930களில் தண்டவாள ஓரத்தில் இரயில்வே ஊழியர்கள் எழுப்பிய சிறு வழிபாட்டிடமாகத் தொடங்கியதுதான். இரயில் போய்விட்டது, முனீஸ்வரர் இருக்கிறார்.

ஆம், இந்தப் பாதைகளில் நம்மவரின் வியர்வை இருக்கிறது. முதல் பாதையைப் போட வந்தது இலங்கையிலிருந்து அழைத்துவரப்பட்ட தொழிலாளர் படை. பிறகு மலாயா இரயில்வே வளர வளர, மண் வெட்டவும், கல் கொட்டவும், சிலிப்பர் கட்டை சுமக்கவும், தண்டவாளத்தைப் பழுதுபார்க்கவும் தமிழகத்திலிருந்து வந்தவர்களே பெருமளவில் அமர்த்தப்பட்டனர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் கிராணிகளாகவும் ஸ்டேசன் மாஸ்டர்களாகவும் பணியாற்றினர். சீனர், மலாய்க்காரர், சீக்கியர் ஆகியோரின் உழைப்பும் இதில் உண்டு; எல்லாம் நாமே செய்தோம் என்று மார்தட்டுவது நேர்மையாகாது. ஆனால், நாம் செய்ததை நாமே மறப்பதும் நேர்மையாகாது.

இந்தக் கிழக்குக் கரைப் பாதைக்கு இன்னொரு கதையும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் இப்பாதையின் நடுப்பகுதித் தண்டவாளங்களைப் பெயர்த்து, சயாம்-பர்மா இரயில் பாதை போடுவதற்குக் கொண்டுபோனார்கள். 1942, 1943ஆம் ஆண்டுகளில் போடப்பட்ட அந்த 415 கிலோமீட்டர் மரணப் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களையும் கொண்டுபோனார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண இரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்களைப் படித்தவர்களுக்கு அந்தக் கொடுமையை நான் விளக்க வேண்டியதில்லை. போர் முடிந்த பிறகு பகுதி பகுதியாகத் தண்டவாளம் மீண்டும் போடப்பட்டு, 1953இல் கிழக்குக் கரைப் பாதை முழுமை பெற்றது. இரும்புக்குப் பதில் இரும்பு வந்துவிட்டது. போன மனிதர்களில் பலர் வரவில்லை. 'காட்டு இரயிலில்' சன்னலோரம் அமரும் தமிழ் மாணவர் ஒருவர் இதைத் தெரிந்துகொண்டு அமர்ந்தால், அவர் பார்க்கும் காடு சற்று வேறு மாதிரித் தெரியும்.

இப்போது எதிர்காலத்துக்கு வருவோம். 2017இல் பணி தொடங்கிய புதிய கிழக்குக் கரை இரயில் திட்டம் கோத்தா பாருவையும் கிள்ளான் துறைமுகத்தையும் இணைக்கும் 665 கிலோமீட்டர் மின்பாதை. நாட்டுக்கு அது தேவை. நான் அதை எதிர்ப்பவன் அல்லன். ஆனால், அது திரங்கானு, குவாந்தான் வழியாகக் கடலோரமாகச் சென்று, பிறகு மெந்தகாப் வழியாக மேற்கே திரும்புகிறது. குவா மூசாங்கும் கெமுபுவும் டாபோங்கும் அதன் வழியில் இல்லை. கோத்தா பாருவிலிருந்து தலைநகர் போகிறவர்கள் வேகமான வண்டிக்கு மாறிவிட்டால், பழைய பாதையின் வருமானத்தைக் கணக்குப் பார்ப்பவர்கள் என்ன முடிவுக்கு வருவார்கள்? "நாலு பேர் ஏறும் நிலையத்துக்கு வரிப்பணத்தை ஏன் கொட்ட வேண்டும்?" என்ற கேள்வி கட்டாயம் எழும். அது முட்டாள்தனமான கேள்வியும் அன்று.

என் பதில் இதுதான். நாலு பேர் நடக்கும் சாலைக்கும் நாம் தார் ஊற்றுகிறோம். அதில் இலாபம் பார்ப்பதில்லை. சிற்றூர் இரயிலையும் அப்படியே பார்க்க வேண்டும். அதைச் சுற்றுலாப் பயணிகளுக்கான ஆடம்பர வண்டியாக மாற்றிக் காப்பாற்றலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் வண்டி பிழைக்கலாம். மருத்துவமனைக்குப் போகும் மூதாட்டிக்கு அதில் இடம் இருக்காது. ஊர்மக்களின் நேரத்துக்கு ஓடும் சாதாரண வண்டி முதலில் இருக்கட்டும். நாம் அதில் விருந்தாளியாக ஏறிக்கொள்வோம்.

நாம் செய்யக்கூடியவையும் உண்டு. அடுத்த விடுமுறையில் போகிறவர்கள் டாபோங்கிலோ கோலா லிப்பிசிலோ இறங்கி ஒரு நாள் தங்குங்கள். ஊர்க் கடையில் சாப்பிடுங்கள். வண்டியை விட்டு இறங்காமல் எடுக்கும் படத்தால் ஊருக்கு எந்தப் பயனும் இல்லை. பழைய பெயர்ப் பலகைகளை எங்காவது புதுப்பித்தால், அதில் இருந்த தமிழ் எழுத்தும் புதுப்பிக்கப்பட வேண்டும் என்று உரியவர்களுக்கு எழுதுவோம். எல்லாவற்றுக்கும் மேலாக, நம் பேரவை ஒரு பணியைக் கையிலெடுக்கலாம். செந்தூல், கெமாஸ் போன்ற இரயில்வே ஊர்களில் தண்டவாளப் பணியில் இருந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்னும் இருக்கிறார்கள். தாத்தா எந்த மண்டோரின் கீழ் வேலை செய்தார், குவாட்டர்ஸில் என்ன சமைத்தார்கள், எந்த மரத்தடியில் சாமியை வைத்தார்கள் என்பதெல்லாம் எந்த ஏட்டிலும் இல்லை. ஓர் உறுப்பினர் ஒரு முதியவரைச் சந்தித்து ஒலிப்பதிவு செய்தால்கூட, இரண்டு ஆண்டுகளில் ஒரு தொகுப்பு நூல் வந்துவிடும். அந்த முதியவர்களுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. அவர்கள் நம் கால அட்டவணைக்குக் காத்திருக்க மாட்டார்கள்.

'நின்று போகும் இரயில்' என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. ஒவ்வோர் ஊரிலும் நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு போகும் வண்டி என்பது அதன் பொருள். தமிழில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. முதற்பொருளிலேயே அது வழங்கிவர வேண்டும் என்பதே என் விருப்பம்.