வரிசைக்கு விலை: அமெரிக்க வேட்டை லைசென்சுக் கட்டணங்களைப் பற்றிச் சில வார்த்தைகள்
(ஒரு விவசாய டிமான்ஸ்டிரேட்டர் எழுதியது)

காட்டு மிருகம் பயிரை மேய்ந்துவிட்டால் அந்த நஷ்டத்தை யார் பொறுப்பது என்னும் கேள்வி, மலையடிவாரக் கிராமங்களில் சுற்றுப்பிரயாணம் செய்யும்போதெல்லாம் என்னிடம் கேட்கப்படுவது. நம் தேசத்தில் 1972-ஆம் வருஷத்து வனஜீவிப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் வேட்டை விளையாட்டுக்கு இடமில்லை. ஆனால் ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு ராஜ்யங்களில் இதே கேள்விக்கு வேறொரு விடை கண்டிருக்கிறார்கள். வேட்டைக்கு லைசென்சு கொடுத்து, அந்தப் பணத்தைக் கொண்டே மிருகங்களைக் காப்பதும், குடியானவர்களின் நஷ்டத்திற்கு ஈடு கொடுப்பதும் அங்கே வழக்கம். அந்த ஏற்பாட்டில் இப்பொழுது ஒரு கோளாறு புகுந்திருக்கிறது. அதைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொல்வதே இவ்வியாசத்தின் நோக்கம்.

எல்க் என்பது அங்குள்ள பெரிய ஜாதி மான். கோடையில் மலைமேல் மேய்ந்து, பனி விழத் தொடங்கியதும் கூட்டங்கூட்டமாய்ப் பள்ளத்தாக்கில் இறங்கும். பள்ளத்தாக்கில் நல்ல நிலம் பெரும்பாலும் தனிப்பட்டவருக்குச் சொந்தமானது. குதிரை மசாலையும் புல்லையும் அறுத்து உலர்த்தி, மாடுகளின் குளிர்காலத் தீவனமாகப் போர் போட்டு வைத்திருப்பார்கள். மான்கூட்டம் அந்தப் போரில் வாய் வைக்கும். யெல்லோஸ்டோன் வட்டாரத்தில் இவற்றிடமிருந்து புருசெல்லோஸிஸ் என்னும் கன்றுவீச்சு நோய் மாடுகளுக்குத் தொற்றுகிற அபாயமும் உண்டு. ஆகையால் வையோமிங் ராஜ்யத்தார் குளிர்காலத்தில் எல்க் மான்களுக்குத் தனி இடங்களில் தீவனம் போட்டுவருகின்றனர். ஜாக்ஸன் என்ற ஊருக்கருகில் 1912-இல் மத்திய ஸர்க்கார் ஏற்படுத்திய எல்க் சரணாலயமும் இருக்கிறது. பயிருக்கும் போருக்கும் நேரும் சேதத்திற்கு வையோமிங், கொலராடோ முதலிய ராஜ்யங்களில் ஈடு கொடுக்கப்படுகிறது.

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? முக்கியமாக வேட்டைக்காரர்களிடமிருந்தே. 1937-இல் இயற்றப்பட்ட பிட்மன்-ராபர்ட்ஸன் சட்டப்படி, துப்பாக்கி, ரவை முதலியவற்றின்மேல் விதிக்கப்படும் மத்திய வரியானது ராஜ்யங்களின் பரப்பையும், லைசென்சு பெற்ற வேட்டைக்காரர்களின் தொகையையும் கணக்கிட்டுப் பங்கிடப்படுகிறது. லைசென்சுப் பணத்தை வேறு காரியத்திற்குத் திருப்பும் ராஜ்யம் இப்பங்கை இழக்கும். இது சிறந்த ஏற்பாடு என்பதில் ஐயமில்லை.

வெளியூரார் கட்டணம்

ராஜ்யத்தில் வசிப்பவருக்கு ஒரு கட்டணம், வெளி ராஜ்யத்தாருக்கு அதைவிடப் பன்மடங்கு கட்டணம் என்பது பழைய வழக்கம். மான்டானாவில் 1976-இல் உள்ளூரார் ஒன்பது டாலருக்கு எல்க் லைசென்சு வாங்கலாம். வெளியூராரோ 225 டாலர் கொடுத்துப் பல மிருகங்களுக்கும் சேர்ந்த கூட்டு லைசென்சைத்தான் வாங்கவேண்டும். அதே மாதிரியான கூட்டு லைசென்சு உள்ளூராருக்கு 30 டாலர். அதாவது வித்தியாசம் ஏழரை மடங்கு. இது தகாது என்று வழக்காடியவர்களுக்கு 1978-இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டார், பொழுதுபோக்கு வேட்டை பிரஜைகளின் அடிப்படை உரிமைகளில் சேர்ந்ததன்று என்று தீர்ப்புச் சொல்லிவிட்டனர். 2005-இல் காங்கிரஸ் மகாசபையும் இவ்வித்தியாசத்தைச் சட்டத்தால் உறுதி செய்தது.

வெளியூரார் அதிகம் கொடுப்பது நியாயமே என்பது என் எண்ணம். மானுக்கு மேய்ச்சல் கொடுப்பவனும், அதனால் வேலி அறுந்து நஷ்டப்படுபவனும் உள்ளூரான். வருஷம் முழுவதும் அவன் பொறுப்பதற்கு, ஒரு வாரம் வந்து போகிறவன் விலை கொடுக்கத்தான் வேண்டும். மான்டானாவில் குடியானவர்கள் பொதுஜனங்களைத் தங்கள் நிலத்தில் வேட்டையாட அனுமதித்தால் அதற்குப் பிரதிபலன் கொடுக்கும் ஏற்பாடு ஒன்றுண்டு. அதற்குப் பணம் பெரும்பாலும் வெளியூரார் லைசென்சிலிருந்தே வருகிறது. இவ்விதம் செலவாகும் கட்டணம் உயர்ந்தாலும் அதைக் குறை கூற இடமில்லை.

ஆனால் உயர்வுக்கும் ஓர் அளவு உண்டு. வையோமிங்கில் வெளியூராரின் எல்க் லைசென்சு இரு தரமானது. சாதாரணத் தரத்தின் விலை 692 டாலர். விசேஷத் தரத்தின் விலை 1,268 டாலராயிருந்தது. 2023-இல் இயற்றிய சட்டத்தால் 2024 முதல் 1,950 டாலராயிற்று. விசேஷ விலை கொடுப்பதால் பெரிய மானோ, நல்ல இடமோ கிடைப்பதில்லை. குலுக்கலில் போட்டியிடும் கூட்டம் குறைவு என்பதே விசேஷம். அதாவது பணமுள்ளவன் சிறிய கூட்டத்திலும், பணமில்லாதவன் பெரிய கூட்டத்திலும் நிற்கிறார்கள். இதனை நான் விரும்பவில்லை. எனினும் இதில் வஞ்சகம் இல்லை. விலை வெளிப்படையாகச் சொல்லப்படுகிறது, இஷ்டமுள்ளவன் கொடுக்கிறான், சீட்டு விழாவிட்டால் லைசென்சுப் பணம் திரும்பி வருகிறது.

முன்னுரிமைப் புள்ளி

நான் ஆட்சேபிப்பது வேறொன்றை. லைசென்சு கிடைக்காதவனுக்கு ஆறுதலாக வருஷந்தோறும் ஒரு 'முன்னுரிமைப் புள்ளி' கொடுக்கிறார்கள். அதிகப் புள்ளி சேர்ந்தவனுக்கு முதலில் லைசென்சு. இவ்விதியில் முதலில் ஒரு நியாயம் இருந்தது. நம் ஏரி மடையில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது போல, இன்று கிடைக்காதவனுக்கு நாளை கிடைக்கட்டும் என்பதே அதன் கருத்து. ஆனால் முறைப்பாசனம் நடப்பது ஆயக்கட்டு ஒரு கணக்கில் நிற்பதால். வருஷந்தோறும் ஆயக்கட்டைக் கூட்டிக்கொண்டே போனால் கடைசி மடைக்காரனுக்கு முறை எப்பொழுது வரும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வட்டாரத்தில் வருஷத்திற்குப் பத்து லைசென்சு. புதிதாக விண்ணப்பிப்பவர் வருஷத்திற்கு நாற்பது பேர். எல்லா லைசென்சும் புள்ளி வரிசைப்படியே கொடுக்கப்படுகின்றன. ஒருவரும் விலகுவதில்லை என்று வைத்துக்கொள்வோம். முதல் வருஷத்து நாற்பது பேரும் நான்கு வருஷத்தில் தீர்ந்துவிடுவார்கள். இரண்டாம் வருஷத்தார் எட்டாம் வருஷத்தில் தீர்வார்கள். பத்தாம் வருஷத்தில் சேர்ந்தவனுக்கோ 37-ஆம் வருஷத்திற்கு முன் முறை வராது. அவன் காத்திருக்கவேண்டிய காலம் குறைந்தது 27 வருஷம். வையோமிங்கில் வெளியூராருக்கு ஓர் எல்க் புள்ளியின் விலை 52 டாலர். 27 புள்ளிக்கு 1,404 டாலர். இரண்டு சாதாரண லைசென்சின் விலைக்கு மேல் கொடுத்தும், அவன் இன்னும் ஒரு மானின் சுவட்டைக்கூடப் பார்க்கவில்லை. உண்மையில் சிலர் விலகுவதாலும், சில லைசென்சுகள் புள்ளி பாராமல் குலுக்கலுக்கு விடப்படுவதாலும் கணக்குச் சற்றுத் தளரும். ஆனால் போக்கு இதுவே.

மூஸ் என்னும் பெருமானுக்கும், பெருங்கொம்புக் காட்டாட்டுக்கும் புள்ளி விலை ஒவ்வொன்றுக்கும் 150 டாலர். இரண்டிற்கும் சேர்த்துப் பத்து வருஷம் வாங்குபவன் 3,000 டாலர் கொடுக்கிறான். தொடர்ந்து இரண்டு வருஷம் விண்ணப்பமும் செய்யாமல் புள்ளியும் வாங்காமல் விட்டால், சேர்த்ததெல்லாம் போய்விடும். ஆதலின் நோயுற்றவனும் வேலையிழந்தவனும்கூடக் கையை விடத் துணிவதில்லை. கொடுத்தது வீணாகுமே என்ற பயமே மேலும் கொடுக்கச் செய்கிறது.

இவ்வளவும் வாங்கிக்கொண்டவர்கள் வாக்கையேனும் காப்பாற்றினார்களா? வையோமிங்கில் மூஸ், காட்டாடு லைசென்சுகளில் வெளியூராருக்கு ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் கிடைத்துவந்தது. 2022-இல் ஒரு சட்டம் செய்து, 2023 முதல் அதைப் பத்தில் ஒன்றாக்கிவிட்டார்கள். உள்ளூராருக்கு அதிகம் கொடுப்பது அந்த ராஜ்யத்தாரின் இஷ்டம். ஆனால் இருபது வருஷமாகப் புள்ளிக்குப் பணம் கட்டி, அடுத்து நம் முறை என்றிருந்த முதியவர்களின் வரிசை, ஒரே சட்டத்தால் இரு மடங்கு நீண்டுபோயிற்று. வயது ஏறிய பின் மலையேறுவது எவ்வாறு? விதை கொடுப்பதாக முன்பணம் வாங்கிய கடைக்காரன், பருவம் தப்பிய பின் பாதி விதைதான் உண்டு என்றால் நாம் அவனை என்ன சொல்லுவோம்?

மறுப்புக்குச் சமாதானம்

"மிருகத்தைக் காக்கும் செலவு ஏறிவிட்டது; உள்ளூர்க் கட்டணத்தை உயர்த்த ஜனங்கள் சம்மதிப்பதில்லை; வேறு வழி என்ன?" என்று சொல்லலாம். செலவு ஏறியது உண்மை. உள்ளூரானுக்கு அங்கே வோட்டு உண்டு, வெளியூரானுக்கு இல்லை என்பதும் உண்மை. வோட்டில்லாதவனிடம் வசூலிப்பது சுலபம், சுலபமானதெல்லாம் நியாயமாகிவிடாது. அன்றியும் வையோமிங்கின் நிலத்தில் ஏறக்குறையப் பாதி மத்திய ஸர்க்காருக்குச் சொந்தம். தேசத்தார் அனைவரின் வரியும் அதைப் பேணுகிறது என்பதை மறக்கலாகாது.

வேறு வழியும் இல்லாமலில்லை. நியூ மெக்ஸிகோவிலும் ஐடஹோவிலும் புள்ளி முறையே கிடையாது. ஒவ்வொரு வருஷமும் புதுக் குலுக்கல். இருபது வயது இளைஞனுக்கும் அறுபது வயதினனுக்கும் ஒரே அதிர்ஷ்டம். கொலராடோவில் கட்டணங்கள் விலைவாசி ஏற்றத்தை அனுசரித்து வருஷந்தோறும் சிறிது சிறிதாக மாறுகின்றன. திடீரென்று ஒரே வருஷத்தில் நூற்றுக்கணக்கான டாலர் ஏற்றுவதைவிட இது எவ்வளவோ மேல்.

செய்யத்தக்கவை

(1) புதிதாக வருபவர்களுக்குப் புள்ளி விற்பதை ஒரு குறித்த தேதியோடு நிறுத்திவிடவேண்டும். ஏற்கனவே வாங்கியவர்களின் வரிசை தீருமட்டும் ஒரு பங்கு லைசென்சை அவர்களுக்கு ஒதுக்கி, மற்றதைக் குலுக்கலுக்கு விடலாம்.

(2) வெளியூரார் பங்கைக் குறைப்பதானால் பல வருஷம் முன்னதாக அறிவிக்கவேண்டும். விலக விரும்புகிறவனுக்குப் புள்ளிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

(3) வரிசைக்காக வாங்கிய பணத்தைத் தனிக் கணக்கில் காட்டி, அதில் ஒரு பாகத்தை மான் மேய்ந்த நிலத்துக்காரனுக்குக் கொடுக்கவேண்டும். 160 ஏக்கருக்கும் குறையாத நிலமிருந்து, அதில் அந்த ஜாதி மிருகங்கள் வருஷத்தில் 2,000 மிருக-நாள் தங்கினால் நிலச்சொந்தக்காரனுக்கு லைசென்சு கொடுக்கும் விதி வையோமிங்கில் இருக்கிறது. ஆகவே மேய்ச்சலைக் கணக்கிட அவர்களுக்குத் தெரியாமலில்லை.

இவற்றைச் செய்யாவிட்டால் நஷ்டம் வேட்டைக்காரனோடு நில்லாது. கட்டணமும் காத்திருப்பும் ஏற ஏற இளைஞரும் கையில் பணமில்லாதவரும் விலகுவார்கள். லைசென்சு வாங்குவோர் தொகை குறைந்தால் மத்திய வரியில் அந்த ராஜ்யத்தின் பங்கும் சுருங்கும். அப்பொழுது மானுக்குத் தீவனம் போடுவதும், போரிழந்த குடியானவனுக்கு ஈடு கொடுப்பதும் யார்? மானோ பனி விழுந்ததும் வழக்கம்போல் இறங்கி வரும். பசித்த மிருகத்திற்குச் சட்டம் தெரியாது.

பொருளுக்கு விலை வைக்கலாம். கொடுக்க முடியாத முறைக்கு விலை வைப்பது வியாபாரத்திலும் தகாது, ராஜாங்கத்திற்கு இன்னும் தகாது. நம் இலாகாக்களிலும் விதைக்கோ, இயந்திரத்திற்கோ, மானியத்திற்கோ ஜாபிதா எழுதி வைக்கிறோம். எத்தனை பேருக்குக் கொடுக்க முடியும் என்பதை முதல் நாளே அறிவித்துவிட்டுப் பிறகு பெயரெழுதுவது உத்தமம்.