ஆப்பிரிக்கா ஒரு நாடா?



தமிழ்நாடு முழுவதும் ஊட்டியைப்போலக் குளிரும் என்று யாராவது சொன்னால், விளாத்திகுளத்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கரிசல்காட்டு வெயில் அவர்களுக்குத்தானே தெரியும்! ஆனால் ஆப்பிரிக்கா என்றதும் நம்மில் பலர் 'காடு, சிங்கம், பஞ்சம்' என்று மூன்றே சொற்களில் முடித்துவிடுகிறோம். இது சரியா?

ஆப்பிரிக்கா ஒரு நாடு அல்ல. 54 நாடுகள் கொண்ட கண்டம். இந்தியாவைப்போல் 9 மடங்கு பெரியது. வடக்கே சகாரா பாலைவனம். நடுவே காங்கோ மழைக்காடு. தான்சானியாவில் 5,895 மீட்டர் உயரமுள்ள கிளிமஞ்சாரோ மலை. அதன் உச்சியில் பனி! நைஜீரியாவில் மட்டும் 500க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படுகின்றன.

அந்தக் கண்டத்துக்கும் நமக்கும் என்ன உறவு என்கிறீர்களா? கரிசல் மண்ணில் விளையும் வெள்ளைச் சோளமும் கம்பும் ஆப்பிரிக்காவில் பிறந்தவைதான். சோளத்தை முதலில் பயிராக்கியவர்கள் இன்றைய சூடான் பகுதி மக்கள். கம்பைப் பயிராக்கியவர்கள் மேற்கே, மாலி பகுதி மக்கள். இரண்டும் இந்தியாவுக்கு வந்து 3,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன.

மழை குறைந்த மண்ணிலும் விளையும் தானியங்களை உலகுக்குத் தந்த உழவர்கள் அவர்கள். கம்மங்கூழ் குடித்துக்கொண்டே அவர்களை 'ஒன்றும் தெரியாதவர்கள்' என்று நாம் கேலி செய்யலாமா?

இனி யாராவது 'ஆப்பிரிக்காவில் இப்படித்தான்' என்று பேசினால், 'அங்கே எந்த நாட்டில்?' என்று கேளுங்கள். பிறகு அட்லஸை விரித்து, அந்த நாட்டைத் தேடிப் பாருங்கள். செய்வீர்கள்தானே?