திரையில் தொடரும் கதையும் நம் தமிழும்

'பொம்மைப் படந்தானே!' என்று இகழ்ந்துரைப்பார் பலர். யானும் அக்கருத்தினனாகவே இருந்தேன். மார்த்தாண்டம் பேருந்து நிலையத்தில் நம் மாணவர் இருவர், ஜப்பானிய அசைவூட்டப் படமொன்றைப் பற்றிக் கண்கலங்கப் பேசக் கேட்டபின் அக்கருத்தை மாற்றிக்கொண்டேன்.

அப்படம் 'டீமன் சிலேயர்: இன்ஃபினிட்டி காசில்'. கொயோஹாரு கொதோகே 2016 முதல் 2020 வரை எழுதி வரைந்த சித்திரக்கதை, 2019இல் தொலைக்காட்சித் தொடராயிற்று. அதன் தொடர்ச்சியாக 2020இல் வந்த 'முகென் டிரெயின்' திரைப்படம், ஜப்பானின் முந்தைய வசூல் சாதனைகளையெல்லாம் முறியடித்தது. இறுதிப் பகுதியை மூன்று படங்களாக்கும் திட்டத்தின் முதற்படம், 2025 செப்டம்பர் 12இல் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் இந்தியாவில் வெளியாயிற்று.

முன்கதை அறியாதார்க்கு விளங்காத படம் முழுமையான கலையாகுமோ என வினவலாம். நம் குமரி மாவட்டத்துத் தோற்பாவைக்கூத்தை ஈண்டு நினைவுகூர்தல் தகும். இராமகதை பல இரவுகள் தொடர்ந்து நிகழும்; ஒவ்வோர் இரவும் கூத்தர் கதையை முதலிலிருந்து தொடங்குவதில்லை. கதையறிந்து வந்து அமர்வதே அவையோரின் இன்பம். பாவைகள் பலவற்றிற்கும் ஒருவரே குரல் மாற்றிப் பேசுவார். அக்கூத்தரின் வீட்டுமொழியோ மராத்தி! ஆயினும் அவர்தம் பாவைகள் பேசிய தமிழை நம்மவர் அயன்மொழியாகக் கருதினாரல்லர்.

அம்மாணவரோ ஆங்கில எழுத்துகளைப் படித்தே படத்தைக் கண்டனராம். காரணம் வினவினேன். "மொழிமாற்றப் படங்களின் தமிழைக் கேட்டால் சிரிப்பு வருகிறது, ஐயா" என்றனர். அவ்விடை என் நெஞ்சைத் தைத்தது.

உண்மையில் இக்கதைக்குத் தமிழ் மிக அணுக்கமானது. நாயகன் தஞ்சிரோவைத் தங்கை நெசுகோ ஜப்பானிய மொழியில் அண்ணன் எனும் முறைச்சொல்லாலேயே விளிக்கிறாள். அவ்வழைப்பு ஆங்கிலத்தில் பெயராகச் சுருங்கிவிடுதலும் உண்டு. தமிழில் 'அண்ணா' என இயல்பாக ஒலிக்கும். மூத்தோர்க்குரிய பணிவுமொழியும் இரு மொழிகட்கும் பொது. எனினும் சொற்றேர்வில் விழிப்பு வேண்டும். இக்கதையில் வரும் கொடியோர் பிறவியிலேயே அரக்கரல்லர், மனிதராயிருந்து திரிந்தோர். மடியுந் தறுவாயில் அவர்தம் மனித வாழ்வு நினைவில் மீளுவதே கதையின் உயிர்நாடி. 'அரக்கன்' என்று மட்டும் மொழிபெயர்ப்பின் அவ்விரக்கம் குன்றாதோ? இவ்வினா தமிழ் வகுப்பறைக்கு உரியதன்றோ?

கம்பனையும் சிலம்பையும் கற்பிக்கும் நாம், திரைக்குரிய உரையாடல் மொழிபெயர்ப்பையும் பயிற்றுதல் வேண்டும். வாயசைவிற்கேற்பச் சொல்லளந்து, உணர்ச்சி குன்றாது எழுதுதல் எளிய கலையன்று. யாப்புப் பயின்ற மாணவர்க்கு அது கைவராததுமன்று. இளைஞர் கண்ணீர் சிந்தும் இடத்தில் தமிழ் நகைப்பிற்கிடமாதல் கூடாது. அந்நிலையை மாற்றும் பொறுப்பு, இம்மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உங்களுடையது.